ஸ்பானிஷ் 'மே, தே, சே' எனக்குப் புரிஞ்ச விதம்

ராயபுரத்துல வீட்லயே ஸ்பானிஷ் படிக்கிறேன், மூணு மாசமா வினைச்சொல்லோட சேர்ந்து வர்ற இந்த மே, தே, சே, நோஸ், ஓஸ்ங்கிற குட்டி வார்த்தைங்கள மட்டும் எங்க போடணும் எங்க போடக்கூடாதுன்னு மண்டைல ஏறவே இல்ல. ஒரு நாள் காலைல ஸ்கூலுக்கு பாப்பாவுக்கு தலை வாரிட்டு இருந்தப்ப அம்மா கேட்டாங்க, "அவளுக்கு வாரி விட்டுட்ட, நீ எப்போ வாரிக்கப் போற?" டக்குனு புரிஞ்சுது. பொண்ணுக்கு வாரி விடுறேன்னா பெய்னோ ஆ மி இஹா, நானே வாரிக்கிறேன்னா மே பெய்னோ. நம்ம 'க்கிறேன்' செய்ற வேலையதான் அங்க 'மே' செய்யுது! கை கழுவிக்கிறேன்னா மே லாவோ லாஸ் மானோஸ், நம்மள மாதிரியே 'என் கை'ன்னு சொல்லாம வெறும் கைன்னுதான் சொல்றாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். எல்லாத்துக்கும் செட் ஆகாது, கிளம்புறேன்னா மே வோய், நம்மகிட்ட அந்த 'க்கிறேன்' இல்லாமலே அங்க 'மே' வருது, அந்த மாதிரி வர்றத மட்டும் தனியா நோட்ல எழுதி மனப்பாடம் பண்றேன்.