மார்கழி சீசன்ல ஃபீல்ட்வொர்க் பண்றது எப்படி?

சென்னையோட கலையும் ஊர்ப் பொருளாதாரமும்னு தீசிஸ் எடுத்திருக்கீங்களா, டிசம்பர் பாதில மயிலாப்பூர் போயிடுங்க. 2017ல யுனெஸ்கோ நம்ம ஊர இசை நகரம்னு சேர்த்துச்சு, அதை எழுதிட்டு நிறுத்திடாதீங்க. சபா டிக்கெட் வசூல மட்டும் பாத்தா பாதி கணக்கு விட்டுப்போகும், கேன்டீன்ல பரிமாறுறவர், மிருதங்கத்துக்கு தோல் மாத்துறவர், டான்ஸ் டிரெஸ் தைக்கிற டெய்லர், வாசல்ல பூ விக்கிற அக்கா, ஆட்டோ அண்ணன், எல்லாருகிட்டயும் மார்கழில எப்படி, ஆடில எப்படின்னு தனித்தனியா கேளுங்க, அந்த வித்தியாசம்தான் உங்க டேட்டா. வருமானம் எவ்ளோன்னு நேரா கேட்டா யாரும் சொல்லமாட்டாங்க, ஒரு நாளைக்கு எத்தன முழம் போகுதுக்கான்னு கேளுங்க, மீதி பேச்சு தானா வரும். வியாபார நேரத்துல மட்டும் நோட்டை நீட்டாதீங்க.

வடசென்னைக்கும் கண்டிப்பா போகணும், கானாவ விட்டுட்டு சென்னை கலைன்னு எழுதுறத என்னால ஏத்துக்கவே முடியல. அங்க ரசீதெல்லாம் இருக்காது, உக்காந்து பேசித்தான் தெரிஞ்சுக்கணும், பேர் போடலாமான்னும் கேட்டுக்கோங்க.