ஒரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துவது எப்படி

திருவொற்றியூர் பக்கம் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், நினைத்தால் வரும் நெட். இது தாராளமாகப் போதும்.

முதல் வேலை, வகுப்பில் நெட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வேண்டியதை முந்தின நாளே வீட்டில் டவுன்லோடு செய்து பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். நம் பாடநூலில் இருக்கிற கியூஆர் கோடை தீக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளம் இருக்கிறது, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம், இலவசம், பல பாடங்கள் தமிழிலும் உண்டு, இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும்.

அப்புறம், எதையும் சும்மா ஓடவிடாதீர்கள், ஓடவிட்டால் பிள்ளைகள் சினிமா பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஃபெட்டின் மின்சுற்றுப் பாடத்தில் திரையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு எரிகிறது. இன்னொரு பல்பைத் தொடரில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, சேர்க்கும் முன் நிறுத்தி, "வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?" என்று கேட்டு, கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதின பிறகுதான் சேர்க்க வேண்டும். இரண்டும் மங்கலாகும்போது வகுப்பில் எழுகிற சத்தத்தை அடக்காதீர்கள், "ஏன்?" என்று அவர்களே கேட்பார்கள். உடனே பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாக பேட்டரியோடு சேர்த்து, போட்டுக் காட்டுங்கள், வெளிச்சம் குறையாது.

மவுஸ் உங்கள் கையில் இருக்கக் கூடாது. தினம் ஒருவரை உட்கார வையுங்கள், பெண் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் முன்பெஞ்சுப் பையன்கள் விடமாட்டார்கள். தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையையும் பழக்குங்கள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு என்பதால் சீக்கிரம் பிடிபடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வரைபடப் பாடம்தான். கூகுள் எர்த் புரோவில் பழைய வருடச் செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கலாம். கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலில் சேரும் இடத்தைப் பழையதும் புதியதுமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். முகத்துவாரம் என்றால் என்ன என்று நான் தொடங்குவதற்குள் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து வந்து திரையில் விரல் வைத்தான். "சார், இங்கதான் எங்க தாத்தா எறா புடிப்பாரு. இப்ப எறங்குனா சேத்துல கால் உள்ள போவுது, படகு போவாது." விரலை நகர்த்தி நகர்த்தி எங்கே ஆழம், எங்கே மணல் மேடு என்று சொல்லிக்கொண்டே போனான், நான் பேசவில்லை. இப்படி ஒரு பிள்ளை பேசினால் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல இன்னொரு பெண் தமிழில் தட்டச்சு செய்தாள், அதை அந்த இரண்டு படங்களுக்குக் கீழேயே ஒட்டி பிரிண்ட் எடுத்து வகுப்புச் சுவரில் மாட்டினோம், அடுத்த வாரம் மூன்று பேர் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து இன்னும் நாலு வரி சேர்த்தார்கள்.