சாய்வு சைக்கிளின் பின்சக்கர ஷாக்கை மாற்றும்போது
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போட்ட பள்ளம் வந்தால், முதுகைச் சாய்த்து, காலை முன்னே நீட்டி மிதிக்கும் சாய்வு சைக்கிளில் (ரிகம்பென்ட்) எழுந்து நின்று தப்பிக்க முடியாது. அடி மொத்தமும் முதுகுக்குத்தான்.

அந்த அடியைத் தாங்கும் ஸ்பிரிங் ஷாக்கை எடுத்துவிட்டு ஏர் ஷாக் போடுவதானால், யாரும் உட்காராதபோது ஷாக்கின் இரு முனையிலும் உள்ள போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் அளவெடுங்கள். 165 மி.மீ. இருந்த இடத்தில் 190 போட்டால் சீட் உயர்ந்து வண்டி திரும்பும் குணமே மாறிவிடும். ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கும் தூரம்) கூடினால் டயர் ஃபிரேமில் இடிக்கும். போல்ட் துளைக்குள் இருக்கும் புஷ்ஷின் அகலத்தையும் பாருங்கள், பலர் மறப்பது அதைத்தான்.

காற்றடிக்க, ஷாக்குக்கென்றே உள்ள கைப்பம்புதான் (ஷாக் பம்பு) வேண்டும். வழக்கமாக ஏற்றும் பையோடு மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்து இறங்குங்கள். ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஸ்ட்ரோக்கில் கால் பங்கு, அதாவது 38 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 9–10 மி.மீ., நகர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக நகர்ந்திருந்தால் காற்று போதவில்லை.

காசிமேட்டு உப்புக் காற்றில் போல்ட் துருவேறி, அது நுழையும் உலோகக் குழாயோடு (ஸ்லீவ்) ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் தடவாமல் முடுக்காதீர்கள்.