நாற்று மஞ்சளாகிறதா? உரம் ஊற்றுவதற்கு முன் கோகோபீட்டைப் பிழிந்து பாருங்கள்

ஆடிப்பட்டத்துக்கு மாடியில் தக்காளி, மிளகாய், கத்தரி வைக்க வேண்டுமென்றால் ஆனியிலேயே நாற்று விட்டாக வேண்டும். சென்னையில் அந்த நேரத்து மொட்டைமாடி வெயிலுக்குக் குழித்தட்டு அரை நாளில் காய்ந்துவிடும். அணிலும் விட்டுவைக்காது. அதனால் மூன்று வருடமாக வீட்டுக்குள்ளேயே, எல்இடி விளக்கின் கீழ்தான் நாற்று விடுகிறேன்.

முதல் வருடம் 98 குழித் தட்டு நிறைய பிகேஎம் 1 ரகத் தக்காளி போட்டேன். ஆறாம் நாள் ஏறக்குறைய எல்லாமே முளைத்துவிட்டன. மூன்றாவது வாரம் எண்ணியபோது இருந்தவை 11. இடையில் நடந்தது இதுதான்: இலை மஞ்சளானது, சத்துக் குறைவு என்று நினைத்து மீன் அமிலம் (மீனில் செய்யும் திரவ உரம்) ஊற்றினேன், அடுத்த இரண்டு நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. கோளாறு சத்துக் குறைவே இல்லை, தென்னைநார்த் தூளான கோகோபீட் கலவையில் ஏற்கெனவே இருந்த உப்பு. அதன் மேல் நான் இன்னும் உப்பைச் சேர்த்திருக்கிறேன். உரம் என்பதும் வேருக்கு உப்புதானே.

விதை நேர்த்தி, தட்டு நிரப்புவது, எத்தனை மணி நேரம் விளக்கு என்பதற்குள் போகவில்லை. முளைத்த பிறகு மண்ணால் வரும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது மட்டும் இங்கே.

1. எந்த இலை என்று முதலில் பாருங்கள்

அடியில் இருக்கும் இரண்டு விதையிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, மேலே மூன்று நான்கு நிஜ இலைகள் பச்சையாக இருக்கின்றன என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அது இயல்பு. நிஜ இலையே வராத நிலையில் விதையிலை வெளுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் காய்ந்தால் உப்பு. புது இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்குள் போகவில்லை. பெரும்பாலும் கடின நீரால் கலவையின் காரத்தன்மை ஏறியிருக்கும். பழைய நிஜ இலை வெளுத்துக்கொண்டே வந்தால்தான் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமானால் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைவு என்று உடனே ஓட வேண்டாம், தட்டு ஏசி அறையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேர் குளிர்ந்தால் மண்ணில் இருக்கும் மணிச்சத்தையும் செடியால் எடுக்க முடியாது. என் நாற்று படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாறியதும், அடுத்து வந்த இலைகள் பச்சையாகவே வந்தன.

2. பிழிந்து பார்ப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தேங்காய் மட்டையை ஊறவைத்து நாரைப் பிரிக்கும்போது மிஞ்சும் தூள்தான் கோகோபீட். தென்னையிலேயே சோடியம், பொட்டாசியம், குளோரைடு நிறைய உண்டு. உப்புத்தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். கட்டியின் உறையில் 'கழுவியது' என்று அச்சடித்திருப்பதை நம்பி நேராகத் தட்டில் நிரப்பாதீர்கள். நான் அப்படித்தான் நிரப்பினேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை பிபிஎம் கணக்கில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பேனா போல இருப்பது போதும், சில நூறு ரூபாய்தான். மண்ணில் குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பி பிஎச் (அமில-கார அளவு) மீட்டரை வாங்க வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒரே தொட்டியில் குத்தினால் இரண்டும் இரண்டு எண் சொல்லும்.

முதலில் ஊறவைக்கப் போகும் தண்ணீரின் அளவைப் பாருங்கள். கட்டியை அதில் ஊறவைத்து, உப்பியதும் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு கிண்ணத்தின் மேல் இறுக்கிப் பிழியுங்கள். தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். அதில் மீட்டரை வையுங்கள். நான் வாங்கிய கட்டியில் உள்ளே போன தண்ணீர் 60 பிபிஎம், பிழிந்த தண்ணீர் 1,480. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் முந்தைய வருட நாற்றுகள் ஏன் செத்தன என்று புரிந்தது.

இப்போது கழுவ வேண்டும். பழைய பருத்தி வேட்டியில் கொட்டி மூட்டையாகக் கட்டி, தண்ணீரில் அமுக்கி, தூக்கிப் பிழியுங்கள். வலைப்பை வேண்டாம், நுண்தூள் எல்லாம் போய்விடும். மூன்றாவது கழுவலில் எனக்கு 210-க்கு வந்தது. உள்ளே போன தண்ணீரைவிட 200 வரை கூட இருந்தால் போதும், அதற்குமேல் மெனக்கெட வேண்டாம்.

பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரில் கரைந்து நிற்கும் உப்பு கழுவினால் போகும். நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. பிறகு நீங்கள் கொடுக்கும் சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) மக்னீசியத்தையும் நார் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை வேருக்கு விடும். அந்தக் கொடுக்கல் வாங்கலை விதை போடும் முன்பே முடித்துவிடுவதுதான் நல்லது. 650 கிராம் கட்டி ஒன்றுக்கு 4 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, கழுவிய கோகோபீட்டை இரவு முழுக்க அதில் ஊறவிடுகிறேன். காலையில் பிழிந்து, இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசினால் வெளியேறிய சோடியம் போய்விடும். இயற்கை முறையில் மட்டுமே வளர்ப்பவர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் இதைச் செய்த தட்டையும் செய்யாத தட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், இனி இதை விட மாட்டேன்.

3. கலவை

கோகோபீட் மூன்று பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. அவ்வளவுதான். நாற்றுக்கு இதற்குமேல் மண்புழு உரம் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. செம்மண் பெரிய தொட்டிக்கு அருமையான மண். 98 குழித் தட்டில் போட்டால் இரண்டு முறை காய்ந்து நனைந்ததும் செங்கல்லாக இறுகிவிடும்.

மண்புழு உரம் மக்கியதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் கலவையைப் போட்டு வெந்தயம் தூவுங்கள். மூன்று நாளில் முளைத்து, பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக நீண்டிருக்க வேண்டும். நுனி பழுப்பாகச் சுருண்டிருந்தால் அந்த மூட்டையை இன்னும் ஒரு மாதம் ஈரத்தோடு நிழலில் கிடக்கவிடுங்கள்.

4. தண்ணீர்

தட்டில் குழி சிறிது, ஆழமும் குறைவு. அதனால் அடிப்பகுதியில் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் தேங்கித்தான் நிற்கும். அடியில் சரளைக்கல் போட்டால் வடியும் என்பார்கள். வடியாது, கல்லுக்கு மேலே அதே ஈர அடுக்கு நிற்கும், வேருக்கான இடம்தான் குறையும். தண்ணீர் விட்ட பிறகு தட்டை ஒரு பக்கம் சாய்த்து ஐந்து நிமிடம் வையுங்கள். சாய்ந்த மூலை வழியாகச் சொட்டுவது கண்ணுக்கே தெரியும்.

மேல்பரப்பு வெளிர் பழுப்பான பிறகுதான் அடுத்த தண்ணீர். அதையும் மேலே தெளிக்காமல், தட்டை ஒரு இஞ்சுத் தண்ணீரில் பத்து நிமிடம் உட்காரவைத்து எடுத்துவிடுங்கள். மேலே பச்சைப்பாசி படர்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது; வெள்ளைப் பொருக்கு கட்டினால் உப்பு. உப்பு இருந்தால் மட்டும் ஒருமுறை மேலிருந்து தாராளமாக விட்டு, அடியில் வழிவதைக் கொட்டிவிடுங்கள்.

5. நாற்றழுகல்

ராத்திரி நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள்: தண்ணீரில் ஊறியதுபோல் கண்ணாடியாகி, நூலளவுக்கு மெலிந்திருக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். பித்தியம் போன்ற நோய்க்கிருமிகளின் வேலை இது. விழுந்தது பிழைக்காது. அந்தக் குழியையும் சுற்றியுள்ள குழிகளையும் கலவையோடு எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்.

மீதியைக் காப்பாற்ற, தண்ணீரை நிறுத்தி, மின்விசிறிக் காற்று மெல்லப் படும்படி வைத்து, சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றுகிறேன். விதை போடும் முன்பே கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைச் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், உள்ளே இருப்பது உயிர். கடைவாசலில் வெயிலில் தொங்கும் பாக்கெட்டை நான் தொடுவதில்லை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்றலாம், ஆனால் டிரைக்கோடெர்மா போட்ட கலவையில் வேண்டாம். நோய்க்கிருமியோடு நல்ல பூஞ்சையும் போய்விடும்.

பின்னால் சேர்த்தது

எத்தனை முறை கழுவினாலும் 1,300-க்குக் கீழே இறங்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் வீட்டு போர் தண்ணீரே 1,250. தண்ணீரில் இருப்பதைவிடக் கோகோபீட்டில் குறையவே குறையாது. முதல் இரண்டு கழுவலை போர் தண்ணீரில் செய்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வைத்துக்கொள்ளச் சொன்னேன். 340-க்கு வந்துவிட்டது. இன்னொன்று: ஆர்ஓ கருவியின் கழிவுக்குழாயில் வரும் தண்ணீரை நாற்றுக்கு விடவே விடாதீர்கள். வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும்தான். உள்ளே போன உப்பு முழுக்கச் செறிந்து அதில்தான் வருகிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் நைட்ரேட்டோடு எப்சம் உப்பையும் (மக்னீசியம் சல்பேட்) ஒரே வாளியில் கரைத்தவருக்குத் தண்ணீர் பால்போல் ஆகிவிட்டதாம். இரண்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. இரண்டையும் வேறு வேறு நாளில் கொடுங்கள்.

தட்டைச் சுற்றிக் கொசுவைவிடச் சின்னதாகக் கருப்பு ஈ பறந்தால் அதன் புழுக்கள் ஈரக் கலவைக்குள் இளவேரைத் தின்றுகொண்டிருக்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தட்டு மட்டத்தில் படுக்கவையுங்கள், மேல் அரை இஞ்ச் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள். மிளகாய் முளைக்கவே 8 முதல் 12 நாள் எடுக்கும் என்பதால், அவ்வளவு நாளும் ஈரமாகவே கிடக்கும் மிளகாய்த் தட்டில்தான் இது முதலில் வருகிறது. அதைத் தக்காளித் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.