தோட்டத்துப் பேச்சும் வழக்கமும் எங்கிருந்து வந்தன? தேடிப் பார்க்க ஒரு வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். மொய்க் கவர் வாங்க வருகிறவர்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, இந்தச் சொல் எப்படி வந்தது, அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எது நிற்கும், எது நிற்காது என்று நான் பார்க்கும் விதம் இது.

சொல் என்றால் மூன்று பேரிடம் விசாரியுங்கள்: தமிழ்நாட்டுச் சொந்தக்காரர், பக்கத்து வீட்டு மலாய்க்காரர், இலங்கை மலையகத்துக்காரர். மூன்றாவது ஆளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

'பெரட்டு' என்பதையே எடுத்துக்கொள்வோம். விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது. தண்டல், அதாவது வேலை வாங்கும் மேற்பார்வையாளர், பேச்சைப் புரட்டுவார், அதனால் பெரட்டு என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். தமிழ்நாட்டுச் சொந்தக்காரரிடம் இந்தச் சொல்லைக் கேட்டால் விழிப்பார். மலாய்க்காரருக்கும் தெரியாது. ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக் களம் உண்டு, பொருளும் அதேதான். அங்கும் இங்கும் பொதுவாக இருந்தது யார்? வெள்ளைக்காரத் துரை. அவருடைய 'பரேட்' நம் வாயில் பெரட்டு ஆனது.

ரப்பரை நாம் சொல்லும் 'கித்தா' என்ற சொல் இலங்கையில் கிடையாது, அங்கே ரப்பர்தான். அப்படியானால் மலாய் 'கெத்தா' என்று சட்டென்று முடித்துவிடலாம். காலை உணவு ஆயிற்றா என்று கேட்கும் 'பசியாறியாச்சா?' நமக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டுக் காயல்பட்டினத்துக்காரர்களும் காலையில் பசியாறுகிறவர்கள்தான்.

ஒன்று கவனம். மலாயில் இருக்கிறது என்பதற்காக அங்கிருந்து வாங்கினோம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய 'கெடாய்' நம் கடை, 'குயில்' நம் கோயில்.

பழக்கம் என்றால் அந்த வேலையைக் கையால் செய்தவரிடம் போங்கள். இருட்டிலேயே மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போனது துரையின் கெடுபிடியால் என்பார்கள். கத்தி பிடித்த பாட்டியைக் கேளுங்கள்: "வெயில் ஏறுனா பால் நின்னுடும்யா." அவர் சொல்வதுதான் சரி. விடியலில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம். பகல் ஏற ஏற இலை வழியே நீர் போய் அழுத்தம் குறைகிறது. கெடுபிடியும் இருந்தது, அது வேறு கதை.

தீபாவளி அங்பாவ், அதாவது கவரில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்புப் பணம், எனக்குப் பிடித்த விஷயம். என் கடையில் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புக் கவர், நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்கு மயிலும் விளக்கும் போட்ட ஊதா. கவர் சீனரிடமிருந்து வந்தது, பெயரும் அவர்களுடையதே. ஆனால் உள்ளே என்ன வைக்கிறோம் என்று பாருங்கள். அவர்கள் இரட்டைப்படையாக வைப்பார்கள், நான்கைத் தொடமாட்டார்கள். நம் ஆட்கள் கல்யாணத்துக்கு அதே மாதிரிக் கவரில் 51, 101 என்று வைக்கிறார்கள். அந்த ஒரு வெள்ளிக்காக (ரிங்கிட்) என்னிடம் சில்லறை கேட்டு நிற்பவர்கள் உண்டு. ஆகவே ஒரு பழக்கத்தை முழுசாக எடைபோடாமல், கவர் வேறு, தொகை வேறு என்று பிரித்துத் தேடுங்கள்.

கடைசியாக ஆண்டு பாருங்கள். மலாயாவில் சஞ்சிமுறை, அதாவது ஒப்பந்தக் கூலிமுறை, 1910-இல் ஒழிக்கப்பட்டது. உதவி கொடுத்து இங்குள்ள தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. 1950-இல் கங்காணி கப்பலேற்றிக் கூட்டிவந்தார் என்று தொடங்கும் கதையானால், தாத்தாவின் பழைய சிவப்பு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய) அடையாள அட்டையை எடுத்துவரச் சொல்லிவிட்டு மேலே கேளுங்கள்.