பேஸ் கலைஞர் இல்லாத ஆர்கன் டிரையோவைப் பதிவு செய்யும் முறை

ஆர்கன், சாக்ஸபோன், டிரம்ஸ் என்ற மூவர் குழுவில் பேஸுக்குத் தனி ஆள் கிடையாது. ஆர்கன்காரரின் இடது கைதான் பேஸ். அது மங்கிப் பதிவானால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை.

முதலில் சுருதி. ஹாமண்ட் பி-3 என்ற மின் ஆர்கனின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கேற்பச் சுழல்வது. அதைச் சுருதி திருத்த முடியாது. சாக்ஸ்தான் மௌத்பீஸைக் கார்க்கில் நகர்த்தி அதனோடு சேர வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான ஆர்கனை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். அதை மௌத்பீஸால் சரிக்கட்ட முடியாது, அதிர்வெண் மாற்றி தேவை.

வலது கைக்கு மேல் கீபோர்டில் முதல் மூன்று டிராபார்களையும் (ஒலியின் தன்மையை அமைக்க 0 முதல் 8 வரை இழுக்கும் கம்பிகள்) 8 வரை இழுத்து, மற்ற ஆறையும் உள்ளே தள்ளுங்கள். பெர்கஷன் (சுரத்தின் தொடக்கத்தில் சேரும் 'டிக்' ஒலி) மூன்றாம் ஹார்மோனிக்கில், மென்மையாக, வேகமாகத் தேய்வதாக இருக்கட்டும். விரல்கள் எல்லாம் எழுந்த பிறகு விழும் முதல் சுரத்துக்கு மட்டுமே அந்தத் 'டிக்' கேட்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், கருவியின் இயல்பு அது. இடது கைக்குக் கீழ் கீபோர்டில் முதல் மூன்று டிராபார்கள் 8-3-8 என இருந்தால் போதும். அங்கே வைப்ராட்டோவை அணைத்துவிடுங்கள்.

ஆர்கன் ஒலியைச் சுழற்றித் தரும் லெஸ்லி ஸ்பீக்கர் அதை 800 ஹெர்ட்ஸில் பிரிக்கிறது: மேலே சுழலும் ஹார்ன், கீழே 15 அங்குல ஸ்பீக்கரும் அதன் ஒலியைச் சுழற்றும் சுழலியும். கீழ்ப்பகுதிக்குத் தனி மைக், தனி டிராக், இடமும் வலமும் சமமாக ஒலிக்க நடுவில் பான். கீழ்ச் சுழலி வேகமெடுத்தால் பேஸ் தள்ளாடும். ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த மோட்டாரின் இணைப்பை மட்டும் கழற்றிவிடலாம். மேலே இரண்டு மைக்குகளை 90 பாகைக் கோணத்தில், ஒலி வெளிவரும் பெட்டிச் சட்டங்களிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நெருங்கினால் ஹார்ன் கிளப்பும் காற்று மைக்கில் அடிக்கும். எதிரெதிரே வைத்து முழுக்க இடம், வலம் எனப் பான் செய்தால் ஊஞ்சல் போலத் தலைசுற்ற வைக்கும்.

சாக்ஸுக்குக் கார்டியாய்டு மைக் (முன்னால் வரும் ஒலியை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் வாங்குவது). அதன் முதுகு லெஸ்லியைப் பார்க்கட்டும். கிக் டிரம் 18 அங்குலமாக, சற்று உயர்ந்த சுருதியில் இருந்தால் பேஸோடு மோதாது.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: சாக்ஸ் சோலோவில் ஆர்கன்காரர் காலால் ஒலியளவை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலைத் தளர்த்துவார். பெடல் இரு கைகளையும் சேர்த்தே தாழ்த்தும். பாட்டின் அடித்தளமே காணாமல் போகும். பெடலை அசைக்காமல், மேல் கீபோர்டின் டிராபார்களை மட்டும் 8இலிருந்து 5க்குத் தள்ளச் சொல்லுங்கள்.