கம்பு விழ வேண்டும்: வீவக வீட்டில் அஜிலிட்டி பழக்குவது எப்படி

பட்டு எங்கள் நாய். சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பினம். தோள் உயரம் 40 சென்டிமீட்டர். ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில்தான் அவளுக்கு அஜிலிட்டி, அதாவது தடைகளைத் தாண்டியும் நுழைந்தும் நாய் ஓடும் போட்டி விளையாட்டு, பழக்கினேன். தோட்டம் இல்லையே என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாத் தடையையும் வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், எதைச் சின்னதாகச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்பது புரிந்துவிடும்.

முதலில் தாண்டும் கம்பு. பிவிசி குழாய், முழங்கை மூட்டு, டி மூட்டு எல்லாம் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். இரண்டு பக்கமும் தாங்குகால், நடுவே 1.2 மீட்டர் கம்பு. சரி, கம்பை எதில் வைப்பது? இங்கேதான் நான் தவறு செய்தேன். தாழ்வாரக் காற்றில் கம்பு அடிக்கடி விழுகிறது என்று இரண்டு முனையையும் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். அன்று பட்டு சற்றுத் தாமதமாகக் குதித்தாள். பின்னங்கால் கம்பில் மாட்டி, மொத்தச் சட்டமும் அவளோடு சாய்ந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பத்து நாள் கம்பைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போனாள்.

போட்டிக் கம்பு நாயின் கால் பட்டதும் விழத்தான் வேண்டும். விழுந்தால் 5 புள்ளி போகும், கால் தப்பிக்கும். அதனால் கம்பைவிடச் சற்றுப் பெரிய குழாயில் 5 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, அதை நீளவாக்கில் பிளந்து, பாதிக்கும் குறைவான வளைவை மட்டும் எடுத்துத் தாங்குகாலில் திருகுங்கள். வளைவு ஆழமாக இருந்தால் கம்பு சிக்கிக்கொள்ளும். விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் உருண்டு விழுந்தால் சரி.

எஃப்சிஐ என்ற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் விதியில் தோள் உயரம் 35 சென்டிமீட்டருக்குக் கீழ் உள்ள நாய்களுக்குக் கம்பு 25 முதல் 30 வரை, பட்டு அளவுக்கு 35 முதல் 40 வரை. வீட்டில் அந்த உயரமே வேண்டாம். 10 சென்டிமீட்டர் போதும். டைல்ஸ் தரை வழுக்கும், ரப்பர் பாய் விரியுங்கள். எங்கள் கீழ்வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) முதலிலேயே சொல்லி, இரவு எட்டுக்கு மேல் பழக்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். பொதுத் தாழ்வாரத்தில் எதையும் நிறுத்தி வழியை அடைக்காதீர்கள்.

சுரங்கக் குழாய்க்குப் பிள்ளைகள் விளையாடும் துணிக் குழாயே தொடக்கத்துக்குப் போதும். போட்டியில் விட்டம் 60 சென்டிமீட்டர். நாய் உள்ளே ஓடும்போது குழாய் புரளக்கூடாது என்பதுதான் முக்கியம். பழைய 5 கிலோ அரிசிப் பை இரண்டில் மணல் நிரப்பி, ஒரு பட்டையால் இணைத்து, குதிரைச் சேணம் போல மேலே போடுங்கள். பைகள் இரண்டு பக்கமும் தரையில் உட்கார வேண்டும். பட்டை குழாயை அமுக்கி உள்ளே பள்ளம் விழச் செய்யக்கூடாது.

நாய் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போகும் வீவ் கம்புகள்தான் பழக்க அதிக நாள் பிடிக்கும். போட்டியில் 12 கம்பு, இடைவெளி 60 சென்டிமீட்டர். முதல் கம்பு நாயின் இடது தோளுக்குப் பக்கத்தில் வருமாறு அது நுழைய வேண்டும். ஒரே வரிசையில் தொடங்காதீர்கள். ஒன்று விட்டு ஒன்றை விலக்கி நடுவே ஒரு சந்து விடுங்கள். நாய் அதில் நேராக ஓடட்டும். சில நாளைக்கு ஒருமுறை அந்தச் சந்தின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிக்கொண்டே வந்தால், உடம்பு தானாக வளையத் தொடங்கும். கூடத்தில் ஆறு கம்புக்குத்தான் இடம். அது போதும்.

கூரை போல இருபக்கமும் சரிந்த ஏ ஃபிரேமின் உச்சி 1.7 மீட்டர். ஒடுங்கிய நடைபலகையான டாக் வாக்கும் ஏறக்குறைய ஆள் நெஞ்சு உயரம். இவற்றை வீட்டில் செய்ய வேண்டாம், பயிற்றுநர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். இரண்டிலும் அடிப்பக்கம் வேறு நிறத்தில் இருக்கும் தொடுபகுதியில் நாயின் பாதம் பட வேண்டும். மேலிருந்தே குதித்தால் தோளும் மணிக்கட்டும் கெடும், அதற்காகத்தான் அந்த விதி. வீட்டில் ஒரு தட்டைப் பலகை போட்டு, பின்னங்கால் பலகையில், முன்னங்கால் தரையில் என்று நிற்கப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது.

திறந்தவெளிக்கு நாங்கள் பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் நாய் ஓடுதளத்துக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுவோம். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். அங்கே மற்ற நாய்களும் அவிழ்ந்து திரியும். யாரும் இல்லாத நேரத்தில் மட்டும் ஒரு கம்பை எடுத்து வையுங்கள்.

கடைசியாக சீசா, நாய் ஏறி நடக்கும்போது மறுமுனை சாய்ந்து தரையில் தட்டும் பலகை. நாய்களுக்கு இதன் உயரத்தைவிடச் சத்தம்தான் பயம். போட்டி சீசாவின் தொடுபகுதி நடுவில் 1 கிலோ எடை வைத்தால் 2 முதல் 3 நொடிக்குள் இறங்க வேண்டும், அதனால் சின்ன நாயின் எடைக்கும் அது சாயும். வீட்டில் ஒரு குட்டைப் பலகைக்கு நடுவே அடியில் சுருட்டிய குளியல் துண்டை வையுங்கள். பலகை தட்டும் முனைக்கு அடியில் இன்னொரு தடித்த துண்டு. நாய் முன்னங்காலை வைத்து முனையைத் தட்டியதும் தின்னக் கோழிக்கறித் துண்டு ஒன்று. அடுத்த வாரம் அடித்துண்டை ஒரு மடிப்பு குறையுங்கள். சத்தம் கொஞ்சம் கூடும். நாய் காதைப் பின்னால் மடித்தால் மடிப்பைத் திரும்பப் போடுங்கள், அவசரம் வேண்டாம். பட்டுவுக்கு ஏழு வாரம் ஆனது. இப்போது பலகை தரையில் படும் சத்தம் கேட்டால், எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறாள்.